மாலை வகுப்பிற் பயின்ற கணனி மேதை டொமி பிளவர்ஸ்

கணனித் துறையிலே தலைமை பெற்று விளங்குவோர் எங்கிருந்து வந்தனர், எதனைக் கற்றனர் என்று அறியும் ஆவல் எம்மவரிடையே பெருகியுள்ளது. பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பெற்றோர் கூடிப் பேசும் இடமெல்லாம் இப்பேச்சும் எழுகின்றது. பில் கேட்ஸ் ஹார்வார்ட் பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டு 1975இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் கூகிள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற சுந்தர் பிச்சை, கரக்பூரிலே பயின்றது உலோகவியல். இக்கதைகள் பலருக்கும் தெரிந்தவை. இவர்கள் பிறப்பதற்கு முன்னரே, நாம் வாழும் இதே இலண்டன் மாநகரிற் பிறந்து, இங்கேயே படித்து, கணனி யுகத்தின் வாயிலைத் திறந்து வைத்தவர் ஒருவர் உளர். தொமஸ் ஹரல்ட் பிளவர்ஸ் என்பது அவர் முழுப்பெயர். டொமி பிளவர்ஸ் என்றே உலகம் அவரை அழைக்கின்றது.

1905ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் கிழக்கு இலண்டனில் உள்ள பொப்லர் என்னும் தொழிலாளர் குடியிருப்பிலே அவர் பிறந்தார். தந்தையார் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் மேசன் தொழிலாளி. ஐந்து வயதில் தமக்கு ஒரு தங்கை பிறந்த செய்தியைக் கேட்டபோது, அதற்குப் பதிலாக ஒரு மெக்கானோ விளையாட்டுப் பெட்டி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிறுவன் கருதினானாம். தங்கை இதனைப் பின்னாளில் மன்னித்தாரா என்பது எமக்குத் தெரியாது!

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வூலிச்சில் இருந்த அரச படைக்கலச் சாலையிலே தொழிற்பயிலுநராகச் சேர்ந்தார். பகல் முழுவதும் இயந்திரங்களோடு வேலை. மாலையானதும் வகுப்பு. இவ்வாறு மாலை வகுப்புகளிற் பயின்றே இலண்டன் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியற் பட்டத்தைப் பெற்றார். பகலில் உழைத்துக் களைத்த உடலோடு மாலையிற் கரும்பலகையின் முன் அமர்வது எத்தகையது என்பதை இந்நகருக்கு வந்தபின் அவ்வாறு படித்த பெற்றோர் நன்கறிவர். ஏனைய பிள்ளைகள் பந்து விளையாடும் வார இறுதியிலே தமிழ் படிக்க வரும் எம் மாணவச் செல்வங்களுக்கும் அது ஓரளவு புரியும்.

1926இல் அவர் தபால் திணைக்களத்தின் தொலைபேசிப் பிரிவிற் சேர்ந்தார். அந்நாளிற் பிரித்தானியாவின் தொலைபேசிச் சேவை தபால் திணைக்களத்தின் கையிலேயே இருந்தது. 1930இல் வடமேற்கு இலண்டனில் டொலிஸ் ஹில் என்னும் இடத்திலிருந்த அத்திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். அங்குதான் அவருடைய வாழ்வின் பெரும் எண்ணம் கருக்கொண்டது.

அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். அக்காலத்துத் தொலைபேசி இணைப்பகங்களில், ஒருவரை இன்னொருவருடன் இணைப்பதற்கு ஆயிரக்கணக்கான மின்காந்த ஆளிகள் டக்டக்கென்று அசைந்த வண்ணம் இருக்கும். அசையும் பொருள் தேயும். அதன் வேகத்துக்கும் எல்லை உண்டு. இவ்வேலையை வால்வுகள் செய்யலாம் என்று பிளவர்ஸ் கருதினார். எம் பாட்டன்மார் காலத்து வானொலிப் பெட்டியினுள்ளே செந்நிறமாக ஒளிர்ந்த அதே கண்ணாடி வால்வுதான். அதனுள்ளே அசைவது இலத்திரன் மாத்திரமே. ஆதலால் அது மின்காந்த ஆளியிலும் எத்தனையோ மடங்கு விரைவாகத் தொழிற்படும். ஆனால் வால்வு அடிக்கடி பழுதாகிவிடும், சில வால்வுகளுக்கு மேல் ஓர் இயந்திரத்திற் பொருத்தினால் அது ஒரு நாளும் ஒழுங்காக ஓடாது என்பதே அறிஞர் பலரின் முடிபு. பிளவர்சோ தம் அனுபவத்தால் வேறொன்றை அறிந்திருந்தார். வீட்டு மின்குமிழ் பெரும்பாலும் ஆளியை அழுத்தும் அந்தக் கணத்திலேயே எரிந்து போவதை நாம் கண்டிருக்கின்றோம். வால்வும் அத்தகையதே. அதனை அணைக்காமல் தொடர்ந்து ஒளிரவிட்டால் நெடுங்காலம் உழைக்கும். எந்நேரமும் இயங்கும் தொலைபேசிச் சாதனங்களோடு பழகிய ஒருவருக்குத் தெரிந்த இந்தச் சிறிய உண்மை, பெரிய கணித மேதைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜேர்மனியின் உயர் படைத்தலைமை தன் ஆணைகளை லொரென்ஸ் என்னும் இயந்திரத்தின் மூலம் சங்கேதமாக்கி வானலையில் அனுப்பியது. பலரும் அறிந்த எனிக்மா வேறு. பன்னிரண்டு சக்கரங்கள் கொண்ட இது அதனிலும் சிக்கலானது. பிளெச்லி பார்க்கிலே பணியாற்றிய பில் டட் என்னும் இளைஞர், லொரென்ஸ் இயந்திரத்தைக் கண்ணாற் காணாமலே அதன் அமைப்பை 1942இற் கணக்கினாற் கண்டறிந்தார். எனினும் ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்களின் தொடக்க நிலையைக் கையாற் கணித்தால் செய்தி பயனற்றுப் போகுமளவுக்குக் காலம் செல்லும். மக்ஸ் நியூமன் என்னும் கணிதப் பேராசிரியர் இதற்கென ஓர் இயந்திரத்தை அமைப்பித்தார். துளையிட்ட காகித நாடாக்கள் இரண்டு அதிலே ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அவை இழுபட்டன, நழுவின, அறுந்தன. அப்போது பிளவர்சின் உதவியை நாடுமாறு நியூமனுக்குப் பரிந்துரைத்தவர் அலன் டியூரிங்.

பிளவர்ஸ் பழுது பார்ப்பதோடு நின்றுவிடவில்லை. இரண்டாவது நாடாவே வேண்டாம், அதிலுள்ள தகவலை வால்வுகளின் உள்ளேயே மின்சார வடிவில் உண்டாக்கலாம் என்றார். அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் தேவை என்று கூறியதும் பிளெச்லி பார்க்கில் நம்பிக்கை தளர்ந்தது. அத்தகைய இயந்திரம் செய்து முடிக்குமுன் போரே முடிந்துவிடும் என்று எண்ணினர். பிளவர்ஸ் டொலிஸ் ஹில்லுக்குத் திரும்பினார். தம் மேலதிகாரி கோர்டன் ரட்லியின் ஆதரவோடும், தேவைப்பட்டவிடத்துத் தம் சொந்தப் பணத்தோடும் வேலையைத் தொடங்கிவிட்டார். புரூட்ஹர்ஸ்ட், சாண்ட்லர், கூம்ஸ் ஆகிய சகாக்களும் தொழில்வினைஞர்களும் இரவு பகலாக உழைத்தனர். பதினொரு மாதங்களில், 1943 டிசெம்பரில், இயந்திரம் இயங்கியது. ஏறத்தாழ 1,600 வால்வுகள் அதில் இருந்தன. பேருருவம் கொண்ட அதற்குக் கொலொசஸ் என்று பெயர் வழங்கிற்று. 1944 ஜனவரியிற் பிளெச்லி பார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டு, பெப்ரவரி 5ஆம் நாள் தன் முதற் செய்தியை ஆராய்ந்தது. ஒரு விநாடியில் 5,000 எழுத்துகளை அது வாசித்தது.

2,400 வால்வுகள் கொண்ட இரண்டாவது கொலொசஸ் 1944 ஜூன் முதலாம் நாள் வேலை செய்யத் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 6இல், நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கின. போர் முடிவதற்குள் பத்து இயந்திரங்கள் இயங்கின. அவற்றை இரவு பகல் இயக்கியவர்கள் மகளிர் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள் என்பதை எம் மாணவிகள் கருத்திற் கொள்ள வேண்டும்.

இன்றைய கணனியைப் போலக் கட்டளைகளைத் தன் நினைவிற் சேமித்து வைக்கும் ஆற்றல் கொலொசசுக்கு இல்லை. ஆளிகளையும் இணைப்புக் கம்பிகளையும் மாற்றியே அதற்கு வேலை பணிக்கப்பட்டது. எனினும் முழுவதும் இலத்திரன்களால் எண்ணிக் கணித்த முதலாவது பெரும் இயந்திரம் அதுவே.

போர் முடிந்தது, பாராட்டு வரவில்லை. கொலொசஸ்களிற் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. வரைபடங்களை அழிக்குமாறு பிளவர்சுக்கு ஆணை வந்தது. டொலிஸ் ஹில்லில் இருந்த உலையிலே தம் கையாலேயே அவற்றை எரித்தார். நடந்த எதனையும் எவரிடமும் கூறலாகாது என்பது சட்டம். மனைவிக்கும் இரு புதல்வர்களுக்கும்கூட அவர் எதனையும் சொல்லவில்லை. அரசு அவருக்கு 1,000 பவுண் வழங்கியது. அதிலும் பெரும்பகுதியைத் தம்முடன் உழைத்தோருக்குப் பகிர்ந்தளித்தார். இதுபோன்ற இன்னோர் இயந்திரம் அமைக்க இங்கிலாந்து வங்கியிற் கடன் கேட்டபோது, அத்தகைய பொறி இயங்காது என்று கூறி மறுத்துவிட்டனராம். முன்னரே செய்து முடித்துவிட்டேன் என்று வாய் திறக்க அவரால் இயலவில்லை. 1946இல் அமெரிக்கா தன் எனியாக் இயந்திரத்தை வெளியிட்டது. முதற் கணனி என்ற புகழ் அதற்குச் சென்றது.

இந்த இடத்தில் எமக்கு ஒன்று தோன்றுகின்றது. தாயகத்தில் ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் பணியாற்றியவர்கள் இங்கு வந்து எரிபொருள் நிலையங்களிலும் களஞ்சிய சாலைகளிலும் வேலை செய்து எம்மை வளர்த்திருக்கின்றனர். அவர்களை எச்சட்டமும் தடுக்கவில்லை. ஆயினும் தம் பழைய வாழ்வைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. பிளவர்சின் பிள்ளைகளுக்குக் கேட்க வழியில்லை. எம் பிள்ளைகளுக்கு அந்த வழி உண்டு.

டொலிஸ் ஹில்லில் அவர் மூட்டிய தீ பிறரிடம் பற்றிக்கொண்டது. 1939இல் நாசிகளிடமிருந்து தப்பி, ஐந்து வயதிற் பெற்றோரைப் பிரிந்து அகதியாக இந்நாடு வந்த ஸ்டெபனி ஷேர்லி, 1950களில் அதே ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். அவரும் மாலை வகுப்புகளிலே கணிதப் பட்டம் பெற்றவர். 1962இல், வீட்டிலிருந்தபடியே பெண்கள் கணனி நிரல் எழுதும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தார். பெண்ணின் கையொப்பம் கண்டு வாடிக்கையாளர் மறுமொழி தராமையால் ஸ்டீவ் என்று ஒப்பமிட்டாராம்! 2025இல் அவர் காலமானார்.

பிளவர்ஸ் 1964இல் தபால் திணைக்களத்தை விட்டு நீங்கி, தனியார் நிறுவனம் ஒன்றிற் பணியாற்றி, 1969இல் ஓய்வு பெற்றார். 1970களின் நடுப்பகுதியிலேதான் கொலொசஸ் பற்றிய இரகசியம் சிறிது சிறிதாக வெளிவந்தது. 1977இல் நியூகாசில் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்று.

எம் மனத்தை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி இதன் பின்னர் நடந்தது. 1993இல், எண்பத்தேழு வயதில், அவர் வடக்கு இலண்டனில் உள்ள ஹெண்டன் கல்லூரிக்குச் சென்று, தனியாள் கணனியைப் பயன்படுத்தும் தொடக்கநிலைப் பாடத்தைப் பயின்று சான்றிதழ் பெற்றார். கணனியின் தந்தையர்களுள் ஒருவர், மற்ற மாணவர்களோடு மாணவராக அமர்ந்து விசைப்பலகையைத் தட்டக் கற்றிருக்கின்றார்.

டோனி சேல் என்னும் பொறியியலாளர் எஞ்சிய சில புகைப்படங்களையும் முதியோரின் நினைவுகளையும் கொண்டு கொலொசசை மீண்டும் கட்டியெழுப்பினார். 1996 ஜூன் 6இல் அது இயக்கி வைக்கப்பட்டபோது பிளவர்ஸ் அருகில் நின்று கண்டார். 1998 ஒக்டோபர் 28இல், தம் தொண்ணூற்றிரண்டாவது வயதில், இலண்டன் மில் ஹில்லில் இயற்கை எய்தினார். டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையம் இன்று குடியிருப்பாகிவிட்டது. அதன் அருகே ஒரு சிறு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மீளக் கட்டிய கொலொசஸ் பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஸ்ட்ரெதமிலிருந்து செல்வோர் யூஸ்டன் நிலையத்திற் புகைவண்டி ஏறி, பிளெச்லியில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் அதனைக் காணலாம்.