48 வயதில் கைக்கு வந்த கேமரா... கோழிக்கூண்டே ஸ்டூடியோ! யார் இந்த ஜூலியா மார்கரெட் கேமரூன்?

போனில் போர்ட்ரெய்ட் மோடு போட்டு ஒரு படம் எடுக்கிறோம். முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் மங்கலாக வந்தால் போதும், உடனே ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறோம். அந்த மங்கலுக்காகவே ஒரு பெண் 160 வருடங்களுக்கு முன்பு லண்டன் போட்டோகிராபர்களிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினார். போகஸ் பண்ணத் தெரியவில்லை, கண்ணாடித் தகட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, இதெல்லாம் ஒரு படமா என்று எழுதினார்கள். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய படங்கள் இருக்கின்றன. திட்டியவர்களின் பெயர் பலருக்குத் தெரியாது.

அவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று தோன்றலாம். அது கணவர் வழியில் வந்த குடும்பப் பெயர், கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் பிறந்தது கொல்கத்தாவில், உயிர் பிரிந்தது இலங்கையின் மலையகத்தில்.

கொல்கத்தா பெண்

1815 ஜூன் 11-ல் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. அம்மா பிரெஞ்சு வம்சாவளி. சிறு வயதில் பெரும்பாலும் பிரான்ஸில் படித்துவிட்டு மீண்டும் இந்தியா வந்தார்.

உடம்பு சரியில்லாமல் போக, காற்று மாறட்டும் என்று 1830-களின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே சந்தித்த இரண்டு பேர் அவருடைய வாழ்க்கையையே மாற்றினார்கள். ஒருவர் சார்லஸ் ஹே கேமரூன், சட்ட அறிஞர், ஜூலியாவை விட 20 வயது மூத்தவர். 1838-ல் கொல்கத்தாவில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமன்ற முறையையும் மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரூன் ஆணைக்குழு என்று வரலாற்றுப் பாடத்தில் வருமே, அதில் வரும் கேமரூன் இவர்தான்.

இன்னொருவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். தென்கோளத்து நட்சத்திரங்களைப் பார்க்க அங்கே வந்திருந்தார். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் போட்டோகிராபிக்குக் கொண்டுவந்தவர். எடுத்த படம் அழியாமல் நிற்க ஹைப்போ என்ற ரசாயனம் உதவும் என்று காட்டியவரும் இவரே. போட்டோகிராபி பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த 1842-ல், கொல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்குச் சில மாதிரிப் படங்களை அனுப்பி வைத்தார். அந்த விதை முளைக்க இன்னும் 21 வருடம் ஆனது.

கோழிகளுக்கு விடுதலை

1848-ல் குடும்பம் இங்கிலாந்து போனது. 1860-ல் வைட் தீவில், பிரெஷ்வாட்டர் என்ற ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டை வாங்கிச் சேர்த்துக் கட்டினார்கள். இலங்கையில் இருந்த தங்கள் தோட்டத்தின் நினைவாக வீட்டுக்கு டிம்போலா என்று பெயர். பக்கத்தில் குடியிருந்தவர் கவிஞர் டென்னிசன்.

1863 டிசம்பர். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கணவர் காபித் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார். அம்மா தனியாக இருக்கிறாரே, பொழுதாவது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது.

பொழுதுபோக்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கரி போட்டு வைத்திருந்த அறை இருட்டறை ஆனது. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனது. கோழிகளைத் திறந்து விட்டதாகவும், யாரும் அவற்றைச் சமைத்துவிடவில்லை என்று நம்புவதாகவும் பின்னால் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது சும்மா இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் மாட்டி, படம் எடுத்து, ஓடிப் போய் இருட்டறையில் கழுவியாக வேண்டும். காய்ந்தால் தகடு வீண். தூசி விழுந்தால் புள்ளி, விரல் பட்டால் கறை. சில்வர் நைட்ரேட் பட்ட கை கறுத்துப்போகும், துணி பாழாகும். ஜூலியா பயன்படுத்தியதில் பொட்டாசியம் சயனைடும் உண்டு. அதைத் தொட்டுக்கொண்டு அலட்சியமாக இருக்காதீர்கள் என்று ஹெர்ஷல் கடிதத்தில் எச்சரிக்க வேண்டியிருந்தது.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கேமராவை எங்கே வைப்பது, ஆளை எங்கே உட்கார வைப்பது என்றுகூடத் தெரியாமல்தான் ஆரம்பித்தார். ஊர் விவசாயி ஒருவரைக் கூலி பேசி உட்கார வைத்து எடுத்த படத்தை, ஈரத் தகட்டின் மேல் கையை வைத்துத் தேய்த்து அழித்துவிட்டார். முதல் படமே போச்சு!

1864 ஜனவரி கடைசியில் ஒரு நாள், ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. சந்தோஷம் தாங்காமல், அந்தக் குழந்தைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று வீடு முழுக்கத் தேடி ஓடினார். அன்றைக்கே பிரிண்ட் போட்டு, பிரேமும் மாட்டி, குழந்தையின் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். தன் முதல் வெற்றி என்று அந்தப் படத்துக்குப் பெயரும் வைத்தார். கேமரா கைக்கு வந்து ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது.

எங்கிருந்து கற்றார்?

தொழில்நுட்பத்தைத் தப்புப் பண்ணிப் பண்ணியே கற்றார். ஆனால் எதைப் படமாக எடுப்பது என்ற பாடம் அவருக்கு ஓவியத்திலிருந்து வந்தது. ரபேல், மைக்கேலாஞ்சலோ போன்ற இத்தாலிய மேதைகளின் ஓவியப் பிரதிகளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நண்பர் ஜார்ஜ் பிரடெரிக் வாட்ஸ் பெரிய ஓவியர். ஜூலியா அனுப்பும் பிரிண்ட்களைப் பார்த்து நல்லது கெட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர். டேவிட் வில்கி வின்பீல்ட் என்ற இன்னொரு ஓவியர், முகத்தை மிக நெருக்கத்தில், மென்மையான போகஸில் படம் எடுத்து வந்தார். அவரிடம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாடம்தான். ஆனாலும் தன் முயற்சிகளுக்கு அவரே காரணம் என்று ஜூலியா மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

சரி, அந்த மங்கல் தெரியாமல் வந்ததா, வேண்டுமென்றே செய்ததா? இரண்டும்தான். முதல் லென்ஸுக்கே சில குறைகள் இருந்தன. எக்ஸ்போஷர் மூன்று முதல் ஏழு நிமிடம். அவ்வளவு நேரம் யார் ஆடாமல் இருப்பார்கள்? ஆனால் நல்ல லென்ஸ் வந்த பிறகும் அவர் மாறவில்லை. போகஸ் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவேன், இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்று மேலே திருக மாட்டேன் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். தெரியாமல் வந்த தப்பைத் தெரிந்தே வைத்துக்கொள்வது என்பது வேறு விஷயம். ஜூலியாவை மற்றவர்களிடமிருந்து பிரித்தது அதுதான்.

1866-ல் 15க்கு 12 அங்குலத் தகடு போடும் பெரிய கேமராவுக்கு மாறினார். முகம் கிட்டத்தட்ட நிஜ அளவில் வந்தது. 1867-ல் ஹெர்ஷலின் வீட்டுக்கே போனார். பெரியவரின் தலைமுடியைக் கழுவி, பஞ்சு போலக் கலைத்துவிட்டு எடுத்த படம் இன்றும் ஹெர்ஷல் என்றால் முதலில் வந்து நிற்பது. அடுத்த வருடம் பிரெஷ்வாட்டருக்கு விடுமுறைக்கு வந்த டார்வினை எடுத்தார். தன்னை எடுத்த படங்களில் இதுதான் பிடித்தது என்று டார்வினே எழுதிக் கொடுத்தார்.

அங்கீகாரமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-லேயே அவர் படங்களை வாங்கியது, 1868-ல் ஸ்டூடியோ வைத்துக்கொள்ள இரண்டு அறைகளும் கொடுத்தது. ஜூலியாவும் சும்மா இருக்கவில்லை. 500-க்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்து வைத்தார். காபித் தோட்ட வருமானம் சரிந்துகொண்டிருந்த குடும்பத்துக்குப் பணமும் தேவைப்பட்டது.

கும்பகோணத்துக்கும் ஒரு தொடர்பு

ஜூலியாவின் மாடல்கள் பலர் வீட்டு ஆட்கள்தான். பணிப்பெண் மேரி ஹில்லியரைத்தான் கன்னி மரியாவாகத் திரும்பத் திரும்ப எடுத்தார். இன்னொருவர் மேரி ரையன். லண்டன் பக்கம் தாயுடன் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துச் சிறுமி. ஜூலியா வீட்டில் சேர்த்து வளர்த்தார், பிறகு படத்துக்கும் உட்கார வைத்தார்.

லண்டனில் நடந்த ஜூலியாவின் கண்காட்சியில் மேரியைப் பார்த்து ஓர் இளைஞர் மனதைப் பறிகொடுத்தார். 1867-ல் கல்யாணம். மாப்பிள்ளை ஹென்றி காட்டன், பிறந்தது நம்ம கும்பகோணத்தில்! இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்து, அசாமின் தலைமை ஆணையராகி, 1904 பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த அதே காட்டன். இந்த ஜோடியை ரோமியோ ஜூலியட்டாகவும் ஜூலியா படம் எடுத்திருக்கிறார்.

அந்தக் கால எடிட்டிங்

போட்டோஷாப் இல்லாத காலத்தில் எடிட்டிங் இருந்ததா என்று கேட்டால், தாராளமாக இருந்தது. ஆஸ்கர் ரைலாண்டர் என்பவர் 1857-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டுச் சேர்த்து ஒரே படமாக்கினார். ஜூலியாவும் சில இடங்களில் நெகட்டிவ்களைச் சேர்த்திருக்கிறார், கீறியிருக்கிறார். ஆனால் கறையையும் விரல் தடத்தையும் துடைத்து மறைப்பதில் அவருக்குப் பெரிதாக ஆர்வம் இல்லை.

1874-ல் ஆர்தர் மன்னர் பற்றிய தன் கவிதைகளுக்குப் படம் எடுத்துத் தரும்படி டென்னிசன் கேட்டார். நண்பர்களையும் வேலையாட்களையும் பிடித்து, சால்வையும் கவசமும் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். லான்சலாட்டும் கினிவியரும் பிரியும் ஒரே ஒரு காட்சிக்கு 42 நெகட்டிவ். ஆர்தர் மன்னர் படகில் போகும் காட்சியில் ஏரித் தண்ணீர் வெறும் மஸ்லின் துணி. வானத்து நிலவு, நெகட்டிவில் கையால் கீறி வரைந்தது. பார்த்தால் கீறியது தெரியும், அவர் அதை ஒளிக்கவும் இல்லை.

இவ்வளவும் செய்து கொடுத்தால், புத்தகத்தில் மூன்றே படங்கள், அதுவும் சின்ன மரச்செதுக்கு அச்சாக வந்தன. ஜூலியா அதோடு விடவில்லை. முழு அளவுப் படங்களோடு சொந்தமாகவே ஒரு பதிப்பு கொண்டுவந்தார்.

மலையகத்தில் கடைசி வருடங்கள்

1875 அக்டோபரில் இங்கிலாந்தைக் காலி செய்துவிட்டு இலங்கை கிளம்பினார்கள். மகன்கள் அங்கே இருந்தார்கள், செலவும் குறைவு. போகும் இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுபோனதாகச் சொல்வார்கள்.

களுத்துறையில் கடலோரம் வீடு. வெயிலும் புழுக்கமும் ஈரத் தகட்டு முறைக்கு ஆகாதவை, கழுவ நல்ல தண்ணீர் கிடைப்பதும் சிரமம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவரின் இலங்கைப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

1877-ல் தாவர ஓவியர் மரியன் நார்த் அங்கே போனபோது, உச்சி வெயிலில் சால்வை போர்த்தி, தென்னோலைகளுக்கு நடுவே நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறார் ஜூலியா. அந்த வீட்டில் ஒரு தோட்டக்காரரும் இருந்தாராம். தோட்டமே கிடையாது. அவருடைய முதுகு அழகாக இருக்கிறது, படத்துக்கு வேண்டும் என்பதற்காக வேலைக்கு வைத்திருந்தார்கள் என்கிறார் நார்த்.

சிரிப்பாக இருந்தாலும் இங்கே ஒரு நெருடல் உண்டு. இங்கிலாந்தில் பணிப்பெண் மேரி ஹில்லியருக்குப் பெயர் இருந்தது, பிச்சை எடுத்த மேரி ரையனுக்குப் பெயர் இருந்தது. இலங்கைப் படங்களில் நேராகக் கேமராவைப் பார்க்கும் முகங்கள் பலவற்றுக்குப் பெயரே எழுதப்படவில்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்பது போன்ற தலைப்பு மட்டும்தான். அவர்கள் யார், யாருடைய தாத்தா பாட்டி என்று இனி கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஜூலியா 1879 ஜனவரி 26-ல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில், மகனின் தோட்டத்தில் காலமானார். அடுத்த வருடம் சார்லஸும் போனார். காபிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்து, மலைகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

அவருடைய படங்களை 1913-ல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் தன் கேமரா வொர்க் இதழில் போட்டார். 1926-ல் அவரைப் பற்றிப் புத்தகம் கொண்டுவந்தவர்களில் ஒருவர், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ப். ஜூலியாவின் தங்கை பேத்தி. ஜூலியா அதிகம் படம் எடுத்த முகங்களில் ஒன்று வுல்பின் அம்மா.

பிரெஷ்வாட்டரில் அந்த டிம்போலா வீடு இப்போது அருங்காட்சியகம். ஜூலியாவும் சார்லஸும் இருப்பது இங்கே, பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். சுற்றிலும் தேயிலை.