பனிமலை ஆசான்

மலைமுடியிற் படிந்த வெண்பனி காண்பார் கண்ணுக்கு இனியது. அதன் இயல்பறியாது அடிவைப்பார்க்கோ அதுவே கூற்றுவனாக மாறுதலும் உண்டு. பசுத்தோல் போர்த்த புலி என்னும் உலக வழக்கு பனிக்கு முற்றும் பொருந்தும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் அப்புலியின் இயல்பை ஆராய்ந்தவரும், ஒருமுறை அதன் வாயிற் புகுந்து மீண்டவருமான பெரியார் ஒருவர் இருந்தார். அவரே மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி.

அவர் 1856-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள், மொராவியா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மாவாலை நடத்திவந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று செக் நாட்டின் பகுதியாக உள்ளது. இளமையிலேயே அவர் தம் இடக்கண்ணின் ஒளியை இழந்தார். எனினும் மனந்தளராது கற்று ஆசிரியரானார். ஓவியமும் சிற்பமும் பயின்றார். 1889-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் லிலியன்பெல்டு என்னும் ஊருக்கு அருகே மலைப்பண்ணை ஒன்றில் குடியேறினார்.

1888-இல் நான்சென் என்னும் நார்வே நாட்டு வீரர், காலிற் கட்டிய சறுக்கு மட்டைகளின் துணையால் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்தார். அவ்வரலாற்றைப் படித்த ஸ்டார்ஸ்கி நார்வேயிலிருந்து மட்டைகளை வரவழைத்தார். மிக நீண்டிருந்த அவை சமவெளிக்கு ஏற்றனவேயன்றிச் செங்குத்தான ஆல்ப்ஸ் சரிவுகளுக்கு ஏற்றன அல்ல. ஆதலின் மட்டையின் நீளத்தைக் குறைத்தார். அதனைக் காலோடு உறுதியாகப் பிணைக்கும் கருவியைப் பன்முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். தாம் கண்ட முறையை 1896-இல் நூலாக வெளியிட்டார். தம்மை நாடி வந்தோர்க்கு ஊதியம் கருதாது அக்கலையைக் கற்பித்தார். 1905-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முக்கன்கோகல் மலைச்சரிவில் நட்ட கோல்களினூடே வளைந்து வளைந்து இறங்கும் போட்டியையும் நடத்தினார்.

மட்டையை ஆளும் திறன் மட்டும் மலையில் உயிரைக் காவாது. பனியின் நிலையறிதலும் வேண்டும். பனி ஒரே நாளிற் பெய்து முடிவதன்று, அடுக்கடுக்காகப் படிவது. அவ்வடுக்குகளுள் ஒன்று பிடிப்பின்றிப் பொடியாக இருப்பின், அதன்மேற் படிந்த புதுப்பனி நிலைகொள்ளாது. காற்று வாரிக் கொணர்ந்து குவிக்கும் பனியால் பாரம் மேலும் மிகும். அந்நிலையில் சறுக்கிச் செல்லும் ஒருவனது எடையே மலைச்சரிவு முழுவதையும் பெயர்த்துவிடப் போதும். சறுக்குவோரைக் கொல்லும் பனிச்சரிவுகளுட் பெரும்பாலானவை அவராலோ அவருடன் சென்றாராலோ தூண்டப்பட்டவையே. பனியிற் புதையுண்டவரைச் சில நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தாலன்றி உயிர் பிழைப்பித்தல் அரிது.

முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையினர் ஆல்ப்ஸ் மலையிலும் போரிட்டனர். பகைவரின் குண்டுகளேயன்றிப் பனிச்சரிவுகளும் அவர்களை மாய்த்தன. ஸ்டார்ஸ்கி தம் அறிவை அவர்களுக்கு வழங்க முன்வந்தார். 1916-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், பனியிற் புதையுண்ட வீரர்களை மீட்க முயன்றபோது, மற்றொரு சரிவு பேரிரைச்சலோடு இறங்கி அவரையே வாரிச் சென்றது. அறுபதாம் ஆண்டு நிறைந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ எண்பது இடங்களில் எலும்புகள் முறிந்தும் மூட்டுகள் பிசகியும் அவர் உயிரோடு மீட்கப்பட்டார்.

இனி அவர் எழார் என்றே எவரும் எண்ணியிருப்பர். அவரோ தமக்கெனப் பயிற்சிகளை வகுத்துக்கொண்டு, ஆண்டுகள் பல முயன்று மீண்டும் நடந்தார். மட்டை கட்டிச் சறுக்கவும் செய்தார். தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படலாகாது என்று கருதிப் பனிச்சரிவின் இயல்பை விளக்கி நூலும் எழுதினார். 1940-ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் எண்பத்து நான்காம் வயதில் இயற்கை எய்தினார்.

பனியை நன்கு அறிந்தவரையும் பனி விட்டுவைக்கவில்லை. ஆயினும் அவர் அறியாமையாற் சென்று அகப்பட்டவர் அல்லர். பிறர் உயிர் காக்கச் சென்று அகப்பட்டவர். வீண் துணிவு வேறு, அருளால் எழும் துணிவு வேறு. அஞ்சுவதற்கு அஞ்சுதலும், பிறர் துயர் கண்டவிடத்து அஞ்சாமையும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் கூடும் என்பதை ஸ்டார்ஸ்கியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.