வீணை தனம்மாளும் நாதம் வரும் வழியும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லும் பேருந்துகளில், மாணவர் பலர் செவிக்கருவியைப் பொருத்திக்கொண்டு சங்கீதம் கேட்டுச் செல்வதை நாம் காண்கின்றோம். அவருள் ஒரு சாரார், இணையத்தின் வழியே வந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரீமிங் இசையே போதும் என்பர். மற்றொரு சாரார், உயர்தரக் கோப்பாகத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்த இசைக்கு அஃது ஈடாகாது என்பர். இவ்வழக்கினை ஆராயப் புகுவோர்க்கு, மெல்லிய நாதத்தையே தம் வாழ்நாட் செல்வமாகக் கொண்ட ஓர் அம்மையாரின் சரிதம் பெரிதும் துணை செய்யும். அவரே வீணை தனம்மாள்.

தனம்மாள் 1867-ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டியார் காமாட்சி அம்மாள் தஞ்சை அரசவையில் நாட்டியம் ஆடியவர். அன்னையார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் குமாரராகிய சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். இத்தகைய குலவித்தையோடு தனம்மாள் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமும் பால்தாஸ் நாயுடுவிடமும் பயின்று, கீர்த்தனங்களிலும் பதங்களிலும் பெரும் புலமை பெற்றார். பிற்காலத்தில் அவருக்குக் கண்ணொளி குன்றியது, வித்தையோ குன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் தம் இல்லத்தில் வீணை வாசிப்பார். அதனுடன் மெல்லிய குரலில் பாடுவதும் உண்டு. பெரிய வித்துவான்களும் அங்கு வந்து, வாய் திறவாது அமர்ந்து கேட்டனர். அம்மௌனம் வெறும் மரியாதை அன்று. வீணைத் தந்தியை ஒருமுறை மீட்டினால், எழுந்த நாதம் தேய்ந்து மறையுமுன் அதனுள்ளேயே கமகங்கள் பல பிறக்கும். தனம்மாளின் சிறப்பு அத்தேய்வினிடத்தே இருந்தது. பக்கத்தில் ஒருவர் பேசினாலும் அஃது அழிந்துபோகும்.

இத்தகைய நாதத்தை 1932-ஆம் ஆண்டில் கொலம்பியா கம்பெனியார் இசைத்தட்டுகளிற் பதிவு செய்தனர். அரக்குக் கலவையால் ஆகி, நிமிஷத்திற்கு ஏறக்குறைய 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிஷங்களே கொள்ளும். மணிக்கணக்காக விரியும் இராகம் அச்சிறு எல்லைக்குள் ஒடுங்கவேண்டியதாயிற்று. மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரை உணரவல்லது. அக்காலத்துத் தட்டுகளிலோ ஏறக்குறைய 5,000 அல்லது 6,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவை மிகக் குறைவாகவே பதிந்தன. முள் உராயும் இரைச்சலும் உடன் சேர்ந்தது. தேய்ந்து மறையும் நாதத்தின் கடைசி இழை அவ்விரைச்சலில் மூழ்கிற்று. அம்மையார் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். மறுமுறை பதிவு செய்யும் வழியும் அத்துடன் அடைபட்டது.

இனி மாணவர் வழக்கிற்கு வருவோம். குறுந்தகட்டின் தரத்தில் விநாடிக்கு 44,100 மாதிரிகள் 16 பிட்டு அளவில் எடுக்கப்படுகின்றன. உயர்தரக் கோப்பில் 96,000 மாதிரிகள் 24 பிட்டு அளவில் எடுக்கப்படுதலும் உண்டு. எனினும் தட்டிற் பதியாத ஒலியை எத்துணை மாதிரிகள் எடுத்தும் மீட்டல் இயலாது. இழப்பின்றிச் சுருக்கிய கோப்பு இணையத்தின் வழி வந்தாலும், சேமிப்பிலிருந்து வந்தாலும், விரித்தபின் எண்ணுக்கு எண் ஒன்றேயாம். விநாடிக்கு 320 கிலோபிட்டு அளவில் இழப்புடன் சுருக்கியதையும் மூலத்தினின்று பிரித்தறிதல் பெரும்பாலோர்க்கு அரிது.

ஆயின் வேற்றுமையே இல்லையோ எனின், உண்டு. அலைக்கோபுரத்தின் தொடர்பு நலியும்போது செயலி தானே தரத்தைத் தாழ்த்துவது உண்டு. மிகத் தாழ்ந்த அளவில் பழந்தட்டின் இரைச்சலே முதலிற் கெட்டு நீர்க்குமிழி போல் அலைகின்றது. இரைச்சல் போன்ற ஒலி சுருக்கத்திற்கு எளிதில் அடங்காது என்பதே காரணம். இரைச்சலை அறவே நீக்க விழைவோர் அதனுடன் வீணையின் கார்வையையும் துடைத்துவிடுதல் உண்டு. தட்டினை வேகம் பிறழச் சுழற்றிப் படியெடுத்தால் சுருதியே மாறும். இவ்வாறு இருவேறு படிகளை ஒப்பிட்டுவிட்டு, வேற்றுமைக்கு இணையத்தைக் காரணம் கூறுதல் பொருந்தாது. மேலும், புளூடூத் செவிக்கருவிகளுட் பெரும்பாலானவை உயர்தரக் கோப்பினையும் இழப்புடன் சுருக்கியே செவிக்குத் தருகின்றன.

சோதித்தறிய விரும்பும் மாணவர், ஒரே படியிலிருந்து ஆக்கிய இரு கோப்புகளைக் கொள்க. இரண்டின் ஒலியளவையும் சமமாக்குக. சிறிதே உரத்து ஒலிப்பது சிறந்ததாகவே தோன்றும். எஃது எதுவென அறியாவண்ணம் நண்பர் ஒருவர் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யக் கேட்டு, பலமுறை விடை குறிக்க.

நிற்க. தட்டிற் பதியாத தனம்மாளின் வித்தை முற்றும் அழிந்ததோ எனின், அன்று. அம்மையாரின் பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் அப்பதங்களை இல்லத்திலேயே பயின்றனர். அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில் நாயனாப் பிள்ளையிடமும் பாடம் கேட்டனர். பிருந்தா 1976-ல் சங்கீத கலாநிதி ஆனார். மற்றொரு பேர்த்தியாகிய பாலசரஸ்வதி பரதத்தில் உலகப் புகழ் எய்தி, அப்பட்டத்தை 1973-லேயே பெற்றிருந்தார். தட்டின் மூன்று நிமிஷத்தில் அடங்காததை இவர்கள் ஆண்டுக்கணக்காக அருகிருந்து கேட்டுக் கேட்டுப் பெற்றனர். உயர்தரக் கோப்பிற்கும் விலையுயர்ந்த கருவிக்கும் பொருள் செலவிடுமுன், நம் மாணவர் ஓர் அமைதியான அறையைத் தேடி, அம்மையாரின் பழந்தட்டு ஒன்றன் படியை முழுதும் ஒருமுறை கேட்பாராக.