கணித மேதை ராமானுஜனும் ஒரு சிலேட்டும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டார். கம்ப்யூட்டர் மெமரியைப் பற்றி எழுதட்டுமா, இல்லை ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதட்டுமா என்று குழம்பினேன். கடைசியில் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். பள்ளியில் கணக்கில் புலி. பதினாறு வயது வாக்கில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணமோ பெயருக்குத்தான். அதைப் படித்த நாளிலிருந்து கணக்கைத் தவிர வேறு பாடம் அவர் கண்ணில் படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது. 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எப்.ஏ. தேறவில்லை. நம்மில் அரியர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் ஒன்று, மற்ற பாடங்களில் தோற்ற நேரத்தில் அவர் சினிமாவுக்குப் போகவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்!

1909-இல் ஜானகி அம்மாளுடன் திருமணம். வேலை இல்லை, பட்டம் இல்லை. திருவல்லிக்கேணியில் தங்கி, டியூஷன் எடுத்து, வேலை கேட்டு அலைந்தார். இந்தக் காலத்தில்தான் சிலேட்டு வருகிறது. காகிதம் வாங்கக் காசு கிடையாது. தான் போடும் கணக்குக்கு மாதம் நாலு ரீம் காகிதம் வேண்டும் என்று ஒரு நண்பரிடம் சொன்னாராம். சோற்றுக்கே வழியில்லாதவர் நாலு ரீமுக்கு எங்கே போவார்? ஆகவே சிலேட்டில் பல்பத்தால் போடுவார், முழங்கையால் அழிப்பார், மேலே போடுவார். கடைசி விடை சரி என்று மனம் ஒப்பினால் அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். நடுவில் இருந்த வழிமுறை முழுக்க முழங்கையோடு போச்சு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு ராமானுஜன் கண்டுபிடித்த ஒரு உண்மையை எடுத்துக்கொண்டேன். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 9-க்கு 30 விதம், 14-க்கு 135, 19-க்கு 490. இப்படி 4-இல் தொடங்கி ஐந்தைந்தாகப் போனால் வரும் விடைகள் எல்லாம் ஐந்தால் மீதியின்றி வகுபடும். 1919-இல் வெளிவந்த கட்டுரையில் இதை அவர் நிரூபித்தார். அதை 30,000 வரை கம்ப்யூட்டரில் சரிபார்ப்பதுதான் என் வேலை. விடை ராட்சச எண் என்பதால் ஐந்தால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சி மொழியில் 30,000 வரிசை, 30,000 கட்டம் கொண்ட ஒரு பெரிய அட்டவணை போட்டேன். 90 கோடி கட்டம், கட்டத்துக்கு 4 பைட், மொத்தம் 360 கோடி பைட். லேப் மெஷினில் இருப்பது நாலே ஜிபி. ரன் பண்ணினேன். முதலில் ஜோராக ஓடியது. அப்புறம் மவுஸ் கூட நகரவில்லை, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மின்னியது. ரிவ்யூவுக்கு இரண்டே நாள். வயிறு கலங்கிவிட்டது.

எங்கள் சார் வந்து பார்த்துவிட்டு, உன் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று கேட்டார். டாப் கமாண்டைக் காட்டி மூன்றரை ஜிபி சார் என்றேன். அது நீ கேட்ட மெமரி, உனக்கு வேண்டிய மெமரி எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார். முழித்தேன்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தை ஆயிரம் பேருக்கென்று புக் பண்ணுகிறோம். வந்திருப்பவர்கள் அறுநூறு பேர். இந்த நிமிடம் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நூறு பேர். டாப் கமாண்டில் விர்ட் என்று காட்டுவது புக் பண்ணிய ஆயிரம். ரெஸ் என்பது மண்டபத்துக்குள் வந்துவிட்ட அறுநூறு. அதில் எப்போதோ சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் சேர்த்தி. பந்தியில் இருக்கும் நூறு பேர் கணக்குத்தான் ஒர்க்கிங் செட். பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்கர் 1968-இல் வெளியிட்ட கருத்து இது. கடைசியாகக் கழிந்த இவ்வளவு நேரத்துக்குள் புரோகிராம் தொட்ட பக்கங்கள் எத்தனையோ, அதுதான் அந்த நேரத்தில் அதற்கு உண்மையாகத் தேவைப்படும் மெமரி.

அளப்பது எப்படி? மெமரி 4 கேபி பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பக்கத்தைத் தொட்டால் பிராசசர் அதற்கு ஒரு குறி போடும். எல்லாக் குறிகளையும் அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி எத்தனை பக்கத்தில் குறி விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். லினக்ஸில் ப்ராக் டைரக்டரிக்குள் கிளியர்-ரெப்ஸ் என்ற பைலில் 1 எழுதினால் குறி அழியும். ஸ்மேப்ஸ் என்ற பைலில் ரெபரன்ஸ்டு என்ற வரியைப் பார்த்தால் எண்ணிக்கை கிடைக்கும். காத்திருக்கும் நேரம்தான் சூட்சுமம். என் புரோகிராமில் அதிக நேரம் காத்திருந்தால் அது பல வரிசைகளைத் தாண்டிவிடுகிறது, எண்ணும் ஏறிவிடுகிறது. நேரத்தைக் குறைக்கக் குறைக்க எண்ணும் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு வரிசையைப் போட அதற்கு முந்தின வரிசையும் அதே வரிசையும் போதும். இரண்டு வரிசை என்றால் 2,40,000 பைட், சுமார் அறுபது பக்கம். நான் பிடித்து வைத்திருந்ததோ எட்டே முக்கால் லட்சம் பக்கத்துக்கு மேலே!

பழைய வரிசையின் மேலேயே புதியதை எழுதினால் ஒரே வரிசை போதும், 1,20,000 பைட். அன்று ராத்திரியே மாற்றி எழுதினேன். டிஸ்க் விளக்கு அணைந்தே கிடந்தது. நான் எழுதிய அந்த ஒரு வரிசை வேறொன்றும் இல்லை, ராமானுஜனின் சிலேட்டு! அழி, மேலே எழுது, விடையை மட்டும் நோட்டில் ஏற்று. சிலேட்டு அவருடைய ஒர்க்கிங் செட், நோட்டுப் புத்தகம் அவருடைய ஹார்ட் டிஸ்க்.

மீதிக் கதையையும் கேளுங்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரைக் கொஞ்ச காலம் தாங்கினார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார். அங்கே ஹார்டி விடையோடு விடவில்லை, நிரூபணம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உலகப் போர்க் காலம், குளிர், சரியான சைவச் சாப்பாடு கிடையாது, பிறகு நோய். அதற்கு நடுவே 1918-இல் முப்பது வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். டிரினிட்டி கல்லூரியும் அவரை பெலோ ஆக்கியது.

1919-இல் உடம்பு நொந்து ஊர் திரும்பினார். கொஞ்ச காலம் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு வீட்டில் இருந்தார். தி.நகரிலிருந்து நான் தினமும் லஸ் வழியாகத்தான் பஸ்ஸில் வருகிறேன். இது தெரிந்த பிறகு அந்த ரோட்டை ஜன்னல் வழியாக ஒரு தடவையாவது எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு ஒரு புத்தம்புதிய கண்டுபிடிப்பைப் பற்றி எழுதினார். ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அவர் விட்டுப்போன நோட்டுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் இருந்தன. வழிமுறை பெரும்பாலும் இல்லை. புரூஸ் பெர்ண்ட் என்ற பேராசிரியர் அவற்றை ஒவ்வொன்றாக நிரூபித்து ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். முதல் தொகுதி 1985-இல், கடைசித் தொகுதி 1998-இல். 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் கிடைத்த அவருடைய கடைசி காலத் தாள்களுக்கு இன்னொரு ஐந்து தொகுதிகள், அவை முடிய 2018 ஆயிற்று. முழங்கை ஒரு நொடியில் அழித்ததைத் திரும்பக் கண்டுபிடிக்க எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் பாருங்கள். நாலு ரீம் காகிதம் மட்டும் மாதாமாதம் அவருக்குக் கிடைத்திருந்தால்!

என் கதையும் அதே மாதிரிதான் முடிந்தது. வைவாவில் புரோகிராம் பிரமாதமாக ஓடியது. பழைய புரோகிராமில் எடுத்த அளவுகள் எங்கே என்று எக்ஸ்டெர்னல் கேட்டார். ஓடினால் போதும் என்ற சந்தோஷத்தில் பழையதை டெலீட் பண்ணிவிட்டேன், ரெக்கார்டிலும் குறித்து வைக்கவில்லை. வாய்ப்பேச்சுக்கு மார்க் உண்டா? பத்து மார்க் போச்சு. ராமானுஜனுக்குக் காகிதம் வாங்கக் காசில்லை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை, பையில் இருநூறு பக்க ரெக்கார்டு நோட்டு பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

ஆகவே நண்பர்களே, புரோகிராம் எழுதும்போது எவ்வளவு கேட்கிறோம் என்று பார்க்காமல் எவ்வளவு புழங்குகிறோம் என்று அளந்து பாருங்கள். சிலேட்டு சின்னதாகவே இருக்கட்டும். ஆனால் முழங்கையை வைப்பதற்கு முன்னால் வழிமுறையை நோட்டில் ஏற்றிவிடுங்கள். ஜூனியர்கள் இதை இப்போதே பிடித்துக்கொண்டால் என் பத்து மார்க் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.



— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு