கடற்கரை உடைக்குப் புதுவாழ்வு தந்த எமிலியோ புச்சி

உடையைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயம் என எண்ணுவோர் உளர். நாம் குடியேறி வாழும் இப்பகுதியின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடந்தராது. நெய்யாற்றின்கரை உள்ளிட்ட தென் திருவிதாங்கூரில், மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் பல்லாண்டுகள் போராடினர். 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் வெளியான அரசாணையின் வாயிலாகவே நாடார் குலப் பெண்களுக்கு அவ்வுரிமை கிட்டியது. அதுவும் மேற்சாதிப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என்னும் நிபந்தனையோடு. எனவே, துணியில் மனிதனின் மானமும் விடுதலையும் அடங்கியுள்ளன என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. அத்துணியையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டு உலகப்புகழ் எய்திய இத்தாலியர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

எமிலியோ புச்சி 1914ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பிளாரன்ஸ் நகரத்துப் பழம்பெரும் பிரபுக் குடும்பங்களுள் ஒன்று. அந்நகரில் அவர்தம் முன்னோரின் மாளிகை இன்றும் அக்குலத்தின் பெயராலேயே வழங்குகின்றது. செல்வத்தில் பிறந்தவராயினும் அவர் சோம்பியிருந்தாரல்லர். பனிச்சறுக்கு விளையாட்டில் தேர்ச்சி பெற்று, 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இத்தாலியக் குழுவில் இடம்பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள ரீட் கல்லூரியில் பயின்று 1937இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் பனிச்சறுக்குக் குழுவினருக்கான சீருடையைத் தாமே வடிவமைத்தார். தாய்நாடு திரும்பி, 1941இல் பிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் அவர் இத்தாலிய விமானப் படையில் விமானியாகப் பணியாற்றினார். அந்நாளில் இத்தாலி முசோலினியின் ஆட்சியிலும் ஜெர்மனியின் அணியிலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் 1944ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் வாழ்வில் ஒரு பெருஞ் சோதனை வந்துற்றது. முசோலினியின் மகளான எட்டா, தம் கணவர் சியானோவின் நாட்குறிப்புகளுடன் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல அவர் உதவினார். சியானோ தம் மாமனாரின் ஆட்சியாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உதவிய குற்றத்துக்காக ஜெர்மானிய ரகசியப் போலீஸார் புச்சியைப் பிடித்துக் கடுஞ்சித்திரவதை செய்தனர். உயிர் பிழைத்து அவரும் சுவிட்சர்லாந்தை அடைந்தார்.

போர் முடிந்தபின், 1947இல் அப்பனிமலை நாட்டில் அவர் வடிவமைத்த பனிச்சறுக்கு உடையை டோனி பிரிசெல் என்னும் அமெரிக்கப் பெண் புகைப்படக் கலைஞர் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு அப்படங்கள் ஹார்ப்பர்ஸ் பஜார் என்னும் அமெரிக்க இதழில் வெளிவந்தன. அதுவே அவர் தொழிலுக்குத் தொடக்கமாயிற்று. 1950ஆம் ஆண்டையொட்டி நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள காப்ரி தீவில் கடையொன்று திறந்தார். கடற்கரைக்கும் மலைவாசத்துக்கும் விடுமுறையில் செல்வோர் அணியும் உடைகளை மேனாட்டார் ரிசார்ட் உடை என்பர். அவ்வுடையே அவருடைய துறையாயிற்று. பிரபு குலத்தவர் தையல் தொழிலில் இறங்குவது இழுக்கு எனக் கருதப்பட்ட காலம் அது. ஆதலின் அவர் குலப்பெயரை விடுத்து, எமிலியோ என்னும் தம் பெயரை மட்டுமே துணியின் சித்திரங்களுக்கிடையே சிறு கையெழுத்தாகப் பொறித்தார்.

அவர் செய்த மாறுதல் யாது? அக்காலத்து மேனாட்டுப் பெண்களின் நாகரிக உடைகள் இறுக்கமும் கனமும் உள் அடுக்குகளும் கொண்டவை. புச்சியோ மெல்லிய பின்னற் பட்டைத் தேர்ந்தார். அது சுருட்டிப் பெட்டியில் வைத்தாலும் கசங்காது. உடலசைவுக்குத் தடை செய்யாது. கடலின் நீலமும் மலர்களின் செம்மையும் அத்துணியில் வளைந்து சுழன்று ஓடின. சியேனா நகரத்துக் குதிரைப் பந்தயக் கொடிகளும் அவர் கைவண்ணத்தில் துணிச் சித்திரங்களாயின. 1954இல் அமெரிக்காவின் நீமன் மார்க்கஸ் பரிசு அவரை அடைந்தது. 1965இல் பிரானிப் விமான நிறுவனத்தின் பணிப்பெண்களுக்குச் சீருடை அமைத்தார். மழையில் கூந்தல் நனையாதிருக்கக் கண்ணாடி போன்ற தலைக்கவசமும் அதில் இருந்தது. 1971இல் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ 15 பயணத்தின் சின்னத்துக்கு, மூன்று பறவைகள் பறக்கும் வடிவத்தை வகுத்தவரும் அவரே. 1963 முதல் 1972 வரை இத்தாலிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் விளங்கினார்.

பின்னாளில் நாகரிகம் மாறியது. அவர் சித்திரத் துணிகளின் மவுசு குறைந்து, மீண்டும் தலைதூக்கியது. 1992ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், தம் 78ஆம் வயதில், பிளாரன்ஸ் நகரில் காலமானார். அவர் மகள் லவுடோமியா தந்தையின் பணியைத் தொடர்ந்தார். நம் நாட்டிலும், கோவாவைச் சேர்ந்த வெண்டல் ராட்ரிக்ஸ் இத்தகைய உடைத்துறையில் புகழ்பெற்று 2020இல் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? அமரவிளைக்கு அணித்தேயுள்ள பாலராமபுரத்தில் தறியோசை கேட்கின்றது. அங்கு நெய்யப்படும் கசவுத் துணியின் மென்மையை நாம் அனைவரும் போற்றுகின்றோம். ஆனால் அதனை நெய்தவர் பெயர் எந்தக் கரையிலும் பொறிக்கப்படுவதில்லை. கோவளம் கடற்கரைக்கு வரும் வெளிநாட்டார் அத்துணியை விரும்பி வாங்குவர். நெய்த கையை அறியார். நம் காலனிக் குடும்பங்களிலோ, பிள்ளை தையலோ நெசவோ கற்க விரும்பினால் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். படித்தவன் எழுதுகோல் பிடிக்க வேண்டும், ஊசி பிடிக்கலாகாது என்பது நம்முள் ஊறிய எண்ணம். டாக்டர் பட்டம் பெற்ற ஒரு பிரபு கத்தரிக்கோலைக் கையிலெடுத்தார். அதனால் அவர் கல்வி வீணாகவில்லை, அவர் குலமும் தாழவில்லை.

ஆகவே, நம் இல்லங்களில் துணியையும் வண்ணத்தையும் நாடும் மகனோ மகளோ இருப்பின் தடை செய்யாதிருப்போமாக. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கையில், அதனை நெய்தவர் யார் என ஒருமுறையேனும் கேட்போமாக. கைத்தொழில் வாழ்க! உழைப்போர் பெயர் ஓங்குக!