வலி மருந்து தந்த செர்டுர்னர்

குழந்தைகளே! நம் காரைக்குடிப் பக்கம் குழம்புக்குத் தேங்காயோடு கொஞ்சம் கசகசாவும் சேர்த்து அரைப்பார்கள். அந்தக் கசகசா எந்தச் செடியின் விதை, தெரியுமா? அபினிச் செடியின் விதை! பயப்படாதீர்கள், விதைக்குள் அபினி கிடையாது. செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து பிசின் போல் ஆவதுதான் அபினி.

பல நூறு ஆண்டுகளாக வைத்தியர்கள் வலிக்கு அபினி கொடுத்து வந்தார்கள். ஆனால் ஒரு கட்டி வீரியமாக இருக்கும்; இன்னொன்று சப்பென்று இருக்கும். ஒரே அளவு கொடுத்தாலும் ஒருவருக்கு வலி குறையாது. இன்னொருவர் தூக்கத்திலேயே இறந்து போவார்.

இது ஏன் என்று யோசித்தவர் பிரெடரிக் செர்டுர்னர். ஜெர்மனியில் 1783 ஜூன் 19ஆம் தேதி பிறந்தவர். தந்தை இறந்ததும், பதினாறு வயதில் பாடர்போர்ன் நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை கற்கச் சேர்ந்தார். கல்லூரிப் பக்கமே போகாதவர். கடையில் இருந்த பாத்திரங்களே அவருடைய ஆய்வுக்கூடம். அபினியைத் தண்ணீரில் ஊற வைத்து, வடிகட்டி, அதில் அம்மோனியா சேர்த்தார். அடியில் சிறு படிகங்கள் படிந்தன. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை தூங்கி விழுந்தன. அபினியின் சக்தியெல்லாம் அந்தப் படிகத்தில்தான்!

1805இல் இதை எழுதி வெளியிட்டார். கடைப் பையன் சொன்னதை யார் கேட்பார்கள்? ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தாமும் மூன்று இளைஞர்களுமாக அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை என மூன்று தடவை! முகம் சிவந்தது, வயிறு வலித்தது, மயக்கம் வந்தது. பதறிப்போய் எல்லாருக்கும் காடி கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். உயிர் பிழைத்ததே பெரிது. இப்படிச் சோதிக்க இன்று எந்த நாட்டிலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

1817இல் மறுபடி எழுதினார். இம்முறை பாரிஸ் விஞ்ஞானி கே-லுசாக் கவனித்தார். கிரேக்கக் கதைகளில் வரும் கனவுக் கடவுள் மார்ஃபியஸ் பெயரால் செர்டுர்னர் வைத்த பெயர்தான் இன்று மார்ஃபின் என்று வழங்குகிறது. 1831இல் பாரிசிலிருந்து 2,000 பிராங்க் பரிசும் வந்தது.

கடைசிக் காலத்தில் அவர் மருந்துக் கடை நடத்திய ஊர் ஹாமெலின். ஆமாம், குழலூதி எலிகளை இழுத்துப் போனானே, அதே ஊர்! 1841இல் அங்கேயே இறந்தார்.

புற்றுநோய் முற்றியவர்களின் கடும் வலிக்கு இன்றும் மார்ஃபின்தான் முக்கிய மருந்து. மருத்துவர் அளவு பார்த்துத் தரும்போது அது வலியைத் தணிக்கும். தாமாக எடுத்தால் மூச்சை நிறுத்திவிடும், பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 1985இல் நம் நாட்டில் கடுமையான சட்டம் வந்தது. அதில் ஒரு சங்கடம் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு அனுமதியோடு அபினி விளைந்தது. ஆனால் பல உரிமங்கள் கேட்டதால் பெரும்பாலான மருத்துவமனைகள் மார்ஃபினே வாங்கி வைக்கவில்லை. நோயாளிகள் வலியில் துடித்தார்கள். மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது.