தூண்டற் சுருளை உலகறியச் செய்த றூம்கோவ்

மாணவர்களே, மின்காந்தத் தூண்டல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர் மைக்கேல் பரடே. 1831 இல் அவர் கண்டறிந்த தத்துவத்தைக் கொண்டு, ஆய்வுகூடங்கள் நம்பிப் பயன்படுத்திய கருவியை ஆக்கியவர் ஹென்றிக் டானியல் றூம்கோவ். அவரைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள்.

றூம்கோவ் 1803 இல், இன்று ஜேர்மனியிலுள்ள ஹனோவர் நகரிற் பிறந்தார். கருவி செய்யும் தொழிலைக் கற்றுப் பாரிஸ் நகரிற் குடியேறி, அங்கு பட்டறை நடத்தினார். அவர் பேராசிரியர் அல்லர், கைத்தொழில் வல்லுநர்.

அவர் முன்னிருந்த பிரச்சினையைச் சிந்தித்துப் பாருங்கள். மின்கலவடுக்கு தருவது சில வோல்ற்றுகள் மட்டுமே. அதிலிருந்து பாயும் உறுதியான மின்னோட்டம் மாறாத காந்தப்புலத்தையே உண்டாக்கும். ஆகவே அருகிலுள்ள சுருளில் மின்னியக்கவிசை தூண்டப்படமாட்டாது. மின்னோட்டத்தை இடைவிடாது துண்டித்தும் இணைத்தும் வரவேண்டும். அந்த ஆளியை இயக்குவது யார்?

மின்மணியில் நீங்கள் கற்ற ஏற்பாடே இதற்கு விடை. முதற்சுருளில் மின்னோட்டம் பாயும்போது மென்னிரும்பு அகணி காந்தமாகிச் சுத்தியலைக் கவரும். உடனே சுற்று துண்டிக்கப்படும். காந்தப்புலம் விரைவாக மறைவதால், மிகப் பல சுற்றுகள் கொண்ட துணைச்சுருளில் உயர்ந்த மின்னியக்கவிசை தூண்டப்பட்டுத் தீப்பொறி பாயும். பின்னர் வில் சுத்தியலை மீளக் கொண்டுவரச் சுற்று மீண்டும் பூர்த்தியாகும். இவ்வாறு ஆளியை இயக்கும் சக்தியும் அதே மின்கலவடுக்கிலிருந்தே நேரடியாகக் கிடைக்கிறது.

இவை யாவும் றூம்கோவின் கண்டுபிடிப்புகள் அல்ல. அயர்லாந்தின் நிக்கலஸ் கலன் 1836 இலேயே தூண்டற் சுருள் அமைத்திருந்தார். தொடுகைகளிற் பொறி தோன்றுவதைக் குறைக்கக் கொள்ளளவியை இணைக்கும் முறையை 1853 இற் கூறியவர் பிசோ. றூம்கோவின் பெருமை வேறு. உயர் அழுத்தத்தில் காவலி பழுதடையாதவாறு, கிலோமீற்றர் கணக்கான மெல்லிய கம்பியைப் பொறுமையுடன் சுற்றி முடித்த கைத்திறனே அது. 1864 இல் பிரான்சியப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நிறுவிய வோல்ற்றா பரிசான 50,000 பிராங்கு அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் 1877 இற் பாரிசிற் காலமானார். பத்து ஆண்டுகளின் பின், 1887 இல், ஹேர்ட்ஸ் இத்தகைய சுருளைக் கொண்டே மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895 இல் றொஞ்சன் எக்ஸ் கதிர்களைக் கண்டபோதும் உயர் அழுத்தத்தை வழங்கியது றூம்கோவ் சுருளே. நல்ல கருவி இன்றேல் நல்ல கண்டுபிடிப்பும் தாமதமாகும் என்பதை இதிலிருந்து உணர்வீர்கள்.

இன்றைய பிளைபக் மாற்றியிலும் இதே வழியைக் காணலாம். அகணியிற் சேமிக்கப்பட்ட சக்தி, சுற்றுத் துண்டிக்கப்படும்போது துணைச்சுருளுக்குச் செல்கிறது. சுத்தியலின் இடத்தில் திரான்சிற்றர் உள்ளது. அதை இயக்குவது கட்டுப்படுத்தும் சில்லு. மின்கலவடுக்கின் அழுத்தம் அச்சில்லுக்குரிய எல்லைக்குள் இருப்பின், அதிலிருந்தே நேரடியாக மின் வழங்கலாம். மின்கலவடுக்கு மிக நலிந்தால் சுத்தியல் அசையாது, சில்லும் தொழிற்படாது.

நினைவிற் கொள்க:
1. மாறாத காந்தப்புலம், அசையாத சுருளில் மின்னியக்கவிசையைத் தூண்டாது.
2. புலம் விரைவாக மாறுந்தோறும் தூண்டிய மின்னியக்கவிசை கூடும்.
3. தூண்டற் சுருள் அழுத்தத்தைக் கூட்டுமேயன்றிச் சக்தியைப் புதிதாக ஆக்காது.